எடை இல்லாத நாற்காலி

மார்ச் 9

அக்காவுக்கு,

செய்தி வந்தபோது மணி பதினொன்று பதினேழு. இரண்டாம் மாடிக் கூட்ட அறை. அங்கே சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும், அதனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தவர் வெல்டிங் பிரிவு மேற்பார்வையாளர். தட்டல் ஓயும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு, "சார், கொஞ்சம் கீழ வாங்க" என்றார். படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அவரும் அதுவரை கைகூடக் குலுக்கியதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் நலம் கேட்டிருக்க வேண்டும். அத்தை ஏதாவது சாப்பிடுகிறார்களா? சகலைக்கு முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருக்கிறேன்.

எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என்னைப் போனில் கூப்பிடாதீர்கள் அக்கா. அது அடித்தால் திரையில் அவள் பேர்தான் வரும் என்று இன்னமும் பார்க்கிறேன். அதனாலேயே அணைத்து வைக்கவும் முடியவில்லை.

நிர்வாகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது, கணினியில் நிரப்ப வேண்டியது. 'இறந்தவருக்கு உறவு' என்ற கட்டத்தில் மனைவி, தந்தை, தாய், மகன், மகள், மற்றவை என்று இருக்கிறது. கணவர் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன். "இங்க பொதுவா ஆம்பளைங்கதான் சார்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் 'மற்றவை' என்பதை அழுத்தினேன். கீழே பச்சை நிறத்தில் நன்றி என்று வந்தது.

அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை வீட்டுக்காரர்


மார்ச் 20

தம்பிக்கு அக்கா எழுதுறது.

எனக்கு புத்தகத் தமிழ் வராது, பேசுற மாதிரிதான் எழுதுறேன், சிரிக்காதீங்க. இங்க எல்லாரும் ஏதோ நடமாடுறோம். அம்மா ஒரு வேளை சாப்பிடுறாங்க, அதுவும் நான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உங்க சகலை முதுகு அப்படியேதான் இருக்கு. நீங்க சமைச்சு சாப்பிடுறீங்களா, இல்ல அந்த கேன்டீன்லயே கிடக்கிறீங்களா?

'மற்றவை'ன்னு படிச்சதும் கையில இருந்த கத்தரியை வீசிட்டேன். வாடிக்கைக்காரம்மா பயந்துட்டாங்க. உங்களை 'மற்றவை'யில தள்ளுறதுக்கு இவங்க யாரு?

அதை விடுங்க. உங்க தொழிற்சாலையில இருந்து அம்மா பேருக்கு ஒரு கவர் வந்திருக்கு. முதல்கட்ட விசாரணை அறிக்கையாம். "பணியாளர் அனுமதிக்கப்படாத இடத்தில் கவனக்குறைவாக நின்றதே விபத்துக்குக் காரணம்." அம்மா அதை என்னை நாலு தடவை படிக்கச் சொன்னாங்க. அஞ்சாவது தடவை நான் மாட்டேன்னுட்டேன். ஆட்சேபம் இருந்தா ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள எழுதணுமாம். இல்லேன்னா இதுவே முடிவாம்.

ஊசியைக்கூட எண்ணி வைக்கிறவ அவ. அம்மா ஒரே ஒரு கேள்வி கேக்குறாங்க. எனக்கும் அதேதான். என் தங்கச்சி, அந்தப் பொடிசு, தப்பான இடத்துலயா நின்னா? நீங்க அங்கயே வேலை பாக்குறவர். ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை போதும்.

இன்னொண்ணு. அன்னிக்கு எதுக்குக் கை தட்டினாங்க?

உடம்பைப் பாத்துக்கோங்க.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, கேன்டீன்தான். அத்தைக்கு இரண்டு வேளையாவது கொடுக்கப் பாருங்கள்.

அந்த அறிக்கை பொய். இங்கே அதைச் சுவரொட்டியாகவே அடித்துவிட்டார்கள். இரண்டு வாசலிலும் ஒட்டியிருக்கிறது. மேலே 'விபத்திலிருந்து பாடம்'. நடுவில் ஒரு பெண் உருவம், சிவப்பில், முகம் இல்லாமல். குதிரைவால் கட்டியிருக்கிறது. கீழே 'கவனம் சிதறினால்' என்று ஒரு வாக்கியம். குதிரைவால் எதற்கு அக்கா? யாரென்று தெரிய வேண்டும் என்பதற்கா? காலையில் உள்ளே போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் அதைக் கடக்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களை அதன் முன்னால் நிறுத்திப் பாதுகாப்பு அதிகாரி பாடம் எடுத்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நிறுத்தவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் கார் தயாரிக்கும் வரிசை ஒன்றைத் தரையில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் முழுதாகக் கட்டுவோம். எங்கள் அலுவலகம் ஒரு மென்பொருளில் வரைகிறது. கார் உடம்பைத் தூக்கி நகர்த்தும் தூக்கிகளைச் செய்கிற கம்பெனி வேறொன்றில் வரைகிறது. ரோபோக்காரர்களுக்கு இன்னொன்று. ஒருவர் கோப்பு இன்னொருவருக்குத் திறக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொது வடிவம் உண்டு. யார் வரைந்தாலும் அதற்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றும் விதிகளை எங்கள் பிரிவு எழுதுகிறது.

வரைபடத்தில் ஒவ்வொரு எந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒரு காலிப் பெட்டி போட்டிருப்போம். பழுது பார்க்கிற ஆள் நிற்பதற்கான இடம். பெட்டி என்றால் நிஜப் பெட்டி இல்லை, வெறும் காற்று. இங்கே எதையும் வைக்காதே என்று அர்த்தம். பழுது பார்க்கிற வேலை அவளுடையது, அதனால் அதை 'என் நாற்காலி' என்பாள். "உங்க மாடியில போடுற படத்துலயே உருப்படியானது இந்த நாற்காலி ஒண்ணுதான், அதுலயும் உக்கார முடியாது" என்பாள்.

அன்றைக்கு அவள் ரோபோவை நிறுத்தி, வேறு யாரும் ஓட்டிவிடாதபடி அதன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டிருந்தாள். சாவி அவள் சட்டைப்பையில் இருந்தது, கையில் எங்கள் அலுவலகப் படத்தின் தாள். பூட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். ஆனால் தூக்கி வேறு மின்சுற்று, அது ஓடிக்கொண்டே இருந்தது. பாரத்தைச் சமன் செய்ய மறுபக்கம் தொங்கும் அதன் எடைக்கட்டை இறங்கும் இடத்தில் ஆள் நிற்க மாட்டார் என்று வைத்துத்தான் அவர்கள் அதைக் கட்டியிருந்தார்கள்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


ஏப்ரல் 15

தம்பிக்கு,

இங்க நலம்னு எழுதுறது ஒரு வழக்கத்துக்குத்தான். நீங்களும் அப்படியே வச்சுக்கோங்க.

உங்க கடுதாசியை உங்க சகலைக்கும் படிச்சுக் காட்டினேன். அவருக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது. ஒரு ரவிக்கை தைக்கும்போது தையலுக்கு உள்ள ஒரு விரல் துணி விடுவோம். வெளியில தெரியாது. போடுறவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. அது இல்லேன்னா மூச்சு விட முடியாது, முதல் நாளே கிழியும். உங்க காலிப் பெட்டி அதுதானே?

அப்போ ஒண்ணு கேக்குறேன். உங்க ஆபீஸ் படத்துல அந்த நாற்காலி இருக்கு. பொடிசு கையில இருந்த காகிதம் உங்க ஆபீஸ் படம், அதைப் பாத்துத்தான் அங்க நின்னிருக்கா. தூக்கிக்காரங்க படத்துல அது இல்ல. இருந்திருந்தா அங்க கட்டையை இறக்கியிருக்க மாட்டாங்க. நடுவுல யாரு எடுத்தது?

நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. கோபம் இருக்கு, எனக்கும் அது வேணும்தான். ஆனா நான் கேட்டதுக்கு ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை இல்ல. கைதட்டலும் இல்ல.

அக்கா


மே 28

தம்பிக்கு,

சௌக்கியமா? நான் எழுதி ஒண்ணரை மாசம் ஆகப்போகுது. போன் அடிச்சா மணி போகுது, எடுக்க மாட்டேங்கிறீங்க. உயிரோட இருக்கீங்களான்னு உங்க பக்கத்து வீட்டு நர்சம்மாவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தினம் வேலைக்குப் போறாராம், வர்றாராம், வாசல்ல செருப்பை நேரா வைக்கிறாராம்.

அம்மா இப்ப ஒரு புதுப் பழக்கம் ஆரம்பிச்சிருக்காங்க. அவ சின்ன வயசுல எதெதுல கவனமில்லாம இருந்தான்னு யோசிச்சு யோசிச்சு எடுக்குறாங்க. பென்சில் தொலைச்சாளாம். கதவைச் சாத்தாம போனாளாம். "ஒருவேளை அவங்க சொல்றது சரிதானோ என்னமோடி" அப்படிங்கிறாங்க. பெத்தவங்க வாயில இருந்து இது வருது. அந்தக் காகிதம் செஞ்ச வேலை.

நீங்க அவங்க நீட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்களா? போட்டிருந்தா அதையாவது சொல்லித் தொலைங்க.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அத்தையிடம் சொல்லுங்கள்.

வடக்கு வாசல் சுவரொட்டியைக் கிழித்தேன். பட்டப்பகலில், இரண்டு ஷிப்டும் மாறுகிற நேரத்தில். காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. பசை விடாத மூலையை அவரே பிடித்துக் கொடுத்தார். மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம், வாசலில் புதுச் சுவரொட்டி.

என் மேலாளரை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு வந்தவர். எதற்கும் சிரிப்பார், 'சிரிப்பு' என்றே பேர். கடிதத்தைக் கொடுக்கும்போதும் சிரித்தார். "மனசு ஆறட்டும்ப்பா, ஒரு மாசம் லீவு போடேன்" என்றார். தூக்கிக் கம்பெனிக்காரர்கள், தங்களுக்கு வந்த கோப்பில் அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்கள். அவர்கள் ஒரு தடவை எங்கள் படத்தோடு ஒப்பிட்டிருக்கலாம். விசாரணை அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். எவனும் செய்யவில்லை. இருக்கிறவனுக்கெல்லாம் வாய் இருக்கிறது, அவளுக்கு இல்லை. அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

நடந்தது என்னவென்றால், கோப்பை மாற்றும்போது அந்தக் காலிப் பெட்டிகள் விடுபட்டுவிட்டன. அவ்வளவுதான். நானும் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். கவலைப்பட வேண்டாம்.


ஜூன் 14

தம்பிக்கு,

கிழிச்சது நல்லது. நான் அங்க இருந்திருந்தா பசை வாளியையும் கவிழ்த்திருப்பேன். காவலாளிக்கு என் கும்பிடைச் சொல்லுங்க.

ஆனா உங்க கடுதாசியில ஒரு வார்த்தை தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. எல்லாரையும் பேர் சொல்லித் திட்டியிருக்கீங்க. சிரிப்பு, தூக்கிக்காரன், அதிகாரி. அவங்க அவங்க என்ன செஞ்சாங்க, என்ன செய்யலைன்னு சுத்தமா இருக்கு. அந்த ஒரு இடத்துல மட்டும் 'விடுபட்டுவிட்டன'.

நான் துணியை அளவு தப்பி வெட்டிட்டா வாடிக்கைக்காரங்ககிட்ட 'துணி கொறைஞ்சுபோச்சு'ன்னுதான் சொல்லுவேன். நான் கொறைச்சேன்னு வாயில வராது. இருபது வருசமா அந்தப் பேச்சு எனக்கு அத்துப்படி தம்பி. தானா எதுவும் விடுபடாது. யாரோ விட்டாத்தான் விடுபடும்.

யாரு விட்டது?

அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுறாங்க.

அக்கா


ஜூலை 3

அக்கா,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நான்தான்.

போன வருஷம் தூக்கிக் கம்பெனிக்காரர்கள், எங்கள் கோப்பு திறக்க நாற்பது நிமிடம் ஆகிறது என்று புகார் சொன்னார்கள். குறைக்கச் சொல்லி என்னிடம் வந்தது. வரைபடத்தில் நிறையக் குப்பை சேரும். பழைய கோடுகள், குறிப்புகள், யாரோ அளவுக்காகப் போட்டு மறந்த கட்டங்கள். எதற்கும் பாக எண் இருக்காது, எடை இருக்காது. அதனால் ஒரு விதி எழுதினேன். எண் இல்லாத, எடை பூஜ்யமான எதையும் விடு. பதினான்காவது விதி. ஒரே வரி. விடு என்பதுதான் அதில் வினைச்சொல்.

ஆள் நிற்கும் இடத்துக்கு எடை இல்லை அக்கா. எண் போட வேண்டும் என்று முறை இருக்கிறது. வரைகிறவர்களில் பாதிப் பேர் போடுவதில்லை. நான் சோதித்துப் பார்த்த கோப்பு நானே வரைந்தது. நான் எண் போடுகிறவன். அதில் எல்லாம் சரியாக வந்தது.

அதை எழுதியது வீட்டில், சாப்பாட்டு மேஜையில், ஒரு சனிக்கிழமை காலை. அவள் பின்னால் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் என் தோளில் சொட்டியது. திரையைப் படித்துவிட்டு, "எடை இல்லாததெல்லாம் குப்பையா? அப்ப என் நாற்காலி?" என்றாள்.

"அதுக்கெல்லாம் எண் இருக்கும்டி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா?"

"இருக்கும்."

கைதட்டல் அதற்குத்தான். நாற்பது நிமிடக் கோப்பு ஆறு நிமிடத்தில் திறக்கிறது என்று அன்றைக்குக் கூட்டத்தில் காட்டினேன். நிஜமாகவே திறந்து காட்டினேன். அவள் வரிசையின் கோப்பைத்தான் திறந்தேன். பளிச்சென்று வந்தது. அதில் அவள் நின்றுகொண்டிருந்த இடம் இல்லை.

விபத்து நடந்த நாலாம் நாள் இரண்டு படங்களையும் ஒப்பிட்டேன். அன்றிலிருந்து தெரியும். உங்கள் முதல் கடிதம் வரும்போதே தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதினால் அடுத்தது இதை எழுத வேண்டியிருந்தது.


ஜூலை 12

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரல.

உங்க கடுதாசியைத் தையல் மெஷின் மேல வச்சுட்டு ரெண்டு நாள் மெஷினைத் தொடல. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. உங்க சகலைகிட்டயும் சொல்லல.

தப்பு எல்லாரும் பண்ணுவாங்கன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்காதீங்க. அவ கேட்டிருக்கா. பாத்தீங்களான்னு கேட்டிருக்கா. அதுக்கு மேல அவ என்ன செய்யணும்?

ரெண்டு மாசமா அம்மா அவங்க பொண்ணு மேல குத்தம் தேடிக்கிட்டு இருந்தாங்க. அது உங்களுக்குத் தெரியும், நான் எழுதினேன். படிச்சுட்டுச் சுவரொட்டியைக் கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அதுல இருந்த பொம்மைக்கு உங்க முகம்தான் வரைஞ்சிருக்கணும்.

எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? நான் தையல்காரி. எழுத வேண்டிய இடத்துல எழுதுங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் நாள் இருக்கு.

அப்புறம், அந்தப் பதினாலாவது வரி. இன்னிக்கும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கா? வேற யார் யார் நாற்காலியை எடுத்துக்கிட்டு இருக்கு?


ஜூலை 24

அக்காவுக்கு,

நீங்கள் என்னை விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்க வேண்டும். அத்தை எப்படி இருக்கிறார்கள்? உங்கள் கை வேலைக்குத் திரும்பியதா?

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேரம் மிச்சமாகிறதே என்று பதினோரு தொழிற்சாலைகள் அந்த விதியை வாங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அது தெரியும். எழுதுகிற தைரியம் உங்கள் கேள்விக்கு முன்னால் வரவில்லை.

முதலில் சிரிப்பிடம் போனேன். முழுதாகக் கேட்டார், கதவைச் சாத்தினார். "அடுத்த பதிப்புல சத்தமில்லாம எடுத்துடலாம்ப்பா. உன் பேரு எதுக்குக் கெடணும்? அவங்க என்ன திரும்பி வரவா போறாங்க?" என்றார். அறிக்கையை என்ன செய்வது என்று கேட்டேன். "அது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இருந்திருந்தால் கை ஓங்கியிருப்பேன். ஓங்க எனக்கு என்ன யோக்கியதை?

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அனுப்பினேன். விசாரணை அதிகாரிக்கு, தூக்கிக் கம்பெனிக்கு, பொது வடிவக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும், பதினோரு தொழிற்சாலைகளுக்கும். பதினான்காம் விதியை உடனே நிறுத்துங்கள் என்பது தலைப்பு. இரண்டு படங்களையும், அவள் கையில் இருந்த தாளின் நகலையும், பூட்டின் புகைப்படத்தையும் இணைத்தேன். 'விடுபட்டது' என்று எங்கும் எழுதவில்லை. நான் விட்டேன் என்று எழுதினேன். அவள் கேட்டதையும் எழுதினேன். அலுவலகக் கடிதத்தில் தலை துவட்டுவதெல்லாம் வருமா என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

பத்தரைக்கு முதல் பதில். எங்கோ ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு மேஸ்திரி, யாரென்று எனக்குத் தெரியாது. "பார்த்தோம். ஒன்பது இடம் காணவில்லை. வரிசையை நிறுத்திவிட்டோம்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த ஒன்பது இடத்திலும் நிற்கிறவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுவரொட்டி இன்னும் வாசலில் இருக்கிறது. இந்த முறை கிழிக்க மாட்டேன். ஒட்டியவர்களே வந்து எடுக்க வேண்டும்.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், அத்தைக்கு. பெரிய எழுத்தில் இரண்டு வரி. உங்கள் மகள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றாள். அந்த இடத்தைப் படத்திலிருந்து எடுத்தவன் நான். இரண்டாவது வரியை மடித்து மறைத்துக்கொண்டு படிக்காதீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் படித்துக் காட்டுங்கள்.

காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. சிரிப்பு ஏழு தடவை. வக்கீல் என்று ஒருவர். மற்றதெல்லாம் தெரியாத எண்கள். இத்தனை மாதமாக ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்ப்பேன். இன்றும் பார்த்தேன், கடைசியாக ஒரு தடவை. அவள் பேர் வராது அக்கா. போனை அணைத்துவிட்டேன்.